ஒரு வார்த்தைக்கு ஒரு வரிசை

அந்தப் பண்ணையில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் தடை இருந்தது. கெட்ட வார்த்தைகளுக்கு இல்லை. மண்வெட்டி கல்லில் மோதிக் கை விண்ணென்று தெறிக்கும்போது யாரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம். அப்படி ஒரு சமயத்தில் நர்ஸம்மா சொல்வதைக் கேட்டால், மருத்துவமனையில் இதையெல்லாமா கற்றுக் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். தடை "குப்பை" என்ற வார்த்தைக்கு மட்டும்.

சொன்னவர் ஒரு வரிசைக்குக் களை எடுக்க வேண்டும். இரண்டு தரம் சொன்னால் இரண்டு வரிசை. கருவிக் கொட்டகையின் கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. யார் பாக்கி எத்தனை வரிசை என்று அதில் கோடு போட்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் நாளே, "இந்தக் குப்பையெல்லாம் எங்க கொட்டணும்? ஐயோ, குப்பைன்னு சொல்லக் கூடாதா? சரி, இனிமே குப்பைன்னு சொல்லல" என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் ஒன்பது வரிசை சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பெயரே ஒன்பது வரிசை ஆகிவிட்டது.

தடை வந்ததற்குக் காரணம் உண்டு. அந்த நிலம் முன்பு ஒரு ஓட்டுத் தொழிற்சாலையின் பின்கட்டு. தொழிற்சாலை மூடியபின் உடைந்த ஓடும், சாம்பலும், ஊரார் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியதும்தான் அங்கே இருந்தன. நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து, "இதை நாங்க மண்ணாக்கிக் காட்டறோம்" என்று கேட்டு வாங்கினார்கள். முதல் வருஷம் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றினால் இரண்டு விரல்கடை இறங்கும். அப்புறம் 'டங்' என்று நிற்கும். அவர்கள் உழவில்லை, கிளறவில்லை. வீட்டில் மிஞ்சியது, கடையில் கழித்தது, மரத்திலிருந்து உதிர்ந்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து மக்க வைத்து, மண்ணின் மேல் போர்த்திக்கொண்டே வந்தார்கள். ஒன்பதாவது வருஷம் அதே கம்பி முழங்கை வரை சத்தமில்லாமல் இறங்கியது. ஊர் குப்பை என்று சொன்னதெல்லாம் அங்கே மண்ணாகியிருந்தது. அதனால்தான் அந்த வார்த்தைமேல் அத்தனை ரோஷம்.

எல்லாரையும்விட அதிக ரோஷம் குவியலக்காவுக்கு. இருக்காதா பின்னே? எருக் குவியல்கள் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைத்தவள். கண் மங்கியதும் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஆறு மாதம் வாசல் பக்கமே தலைகாட்டாமல் கிடந்தவளை, அவள் கணவர்தான் ஒருநாள் வலுக்கட்டாயமாகப் பண்ணைக்கு அழைத்து வந்தார். அங்கே கண் தேவைப்படாத ஒரு வேலை இருந்தது. குவியலுக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பாள்; ஒரு பிடி எடுத்துப் பிழிந்து ஈரம் பார்ப்பாள்; முகர்ந்து பார்த்து, "இன்னும் பத்து நாள்" என்பாள். பதினோராவது நாள் பிரித்தால் கருகருவென்று மண்வாசனை வீசும். அவளைக் கேட்காமல் ஒரு வெங்காயத் தோல்கூட அங்கே மண்ணில் விழாது.

அவள் கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்ணையில் விதைகள் அவர் பொறுப்பு. கடிதம் கொடுக்கப் போன வீடுகளில் காம்பவுண்டுச் சுவரோரம் நல்ல செடி ஒன்றைக் கண்டுவிட்டால் அவரால் சும்மா வர முடியாது. "அம்மா, இதுல ஒரு பழம் விதைக்கு விடுங்களேன்" என்று கேட்டு வைப்பார். முப்பது வருஷத்தில் அப்படிச் சேர்ந்தவைதான் பண்ணையின் விதைகள். பச்சைக் கதவு வீட்டுத் தக்காளி, மாடி டீச்சர் தக்காளி, நாய் வீட்டு பீன்ஸ், நொண்டி கேட் பீன்ஸ் என்று உறைமேல் எழுதி, தபால் நிலையத்தில் கழித்துப் போட்ட கடித அலமாரியை வாங்கிவந்து, தெருவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்த வீடுகளில் பாதி இப்போது இல்லை. மாடி டீச்சர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். நாய் வீடு இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். விதை மட்டும் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பண்ணையில் மூன்று பாத்திகள்: மேல்பாத்தி, நடுப்பாத்தி, கீழ்ப்பாத்தி. பாத்தி என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு. இந்த வருஷம் மேலேயும் நடுவிலும் புது எருவைப் போட்டுத் தக்காளியும் பீன்ஸும் ஓரத்தில் மக்காச்சோளமும் வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் தக்காளியின் நுனி சுருண்டது. புது இலைகள் விரியாமல், நனைந்த காகிதத்தை முறுக்கியதுபோல் வந்தன. பீன்ஸ் இலைகள் கிண்ணமாகக் குவிந்தன. நாற்பது வீடும் நம்பியிருந்த காய்கறி கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் போட்டார்கள். பண்ணைக்குத் தலைவர் டிரைவர் அண்ணன். பஸ் ஓட்டியவர், எதையும் நேரத்துக்கு முடித்தாக வேண்டும் அவருக்கு. தன் போனில் ஒரு படத்தை எல்லாருக்கும் காட்டினார்.

"இது வைரஸ் நோய். படத்தைப் பாருங்க, நம்ம செடியப் பாருங்க. அச்சு அசல் இதேதான். விதை வழியா வரும்னு போட்டிருக்கான்."

எல்லாரும் தபால்காரரைப் பார்த்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவர் படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிதானமாகப் பார்த்தார்.

"வந்திருக்கலாம். இல்லைன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அந்த நேர்மைதான் அவருக்கு வினையாக முடிந்தது. விதையை வைத்திருந்தால் நோயையும் சேர்த்து வைத்திருப்பதாகும், தக்காளி விதை, பீன்ஸ் விதை இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. பதினான்காம் தேதி.

குவியலக்கா அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. அவள் மனசுக்குள் வேறு இரண்டு விஷயங்கள் உறுத்திக்கொண்டிருந்தன. ஒன்று, மக்காச்சோளம். அதே பாத்தி, அதே எரு, ஆனால் சோளம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது, ஒன்பது வரிசை போகிறபோக்கில் சொன்ன ஒரு ஜோக். "அக்கா, அபராதத்தைக் கட்டலாம்னு மேல்பாத்திக்குப் போனா அங்க பிடுங்கக் களையே இல்ல. வெறும் புல்லுதான் இருக்கு. எனக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டமா!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தானே மேல்பாத்திக்குப் போய்ப் பார்த்தாள்.

புல்லும் சோளமும் ஒரு சாதிப் பயிர். அகல இலை வைத்த எதுவும் அங்கே வாழவில்லை. அப்படியென்றால் அது நோயில்லை. மண்ணில் ஏதோ இருக்கிறது. மண்ணில் புதிதாகப் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

அவள் ஆறு தொட்டி எடுத்துக்கொண்டாள். மூன்றில் தன் குவியலின் எரு, மூன்றில் புது எரு படாத கீழ்ப்பாத்தி மண். கடையில் வாங்கிய பீன்ஸ் விதையை ஆறிலும் ஊன்றித் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் வைத்தாள். கணவருடைய விதை வேண்டாம், வம்பு. ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி செருகித் தேதி எழுதினாள்: ஒன்பது. தேதி எழுதாமல் எதையும் விதைக்கக் கூடாது என்பது கணவர் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

பதினான்காம் தேதி ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தாள். ஆறு தொட்டியிலும் முளை அப்போதுதான் மண்ணை முட்டிக்கொண்டிருந்தது. எதுவும் தெரியவில்லை. கொட்டகை முன்னால் இரும்புப் பீப்பாயை வைத்துச் சுற்றி நின்றார்கள். தபால்காரர் ஒவ்வோர் உறையாக எடுத்து, மேலே எழுதியிருப்பதை ஒருதரம் வாசித்துவிட்டு, உள்ளே போட்டார். கடிதத்தை வாசல் கதவிடுக்கில் போடுகிற அதே கை அசைவு. பதினொரு தக்காளி, எட்டு பீன்ஸ். பிறகு சட்டைப் பையைத் தடவினார்.

"தீப்பெட்டி இருக்காம்மா?"

உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று அவள் நினைத்தாள். அப்படித்தான் நினைத்ததாக அதன்பிறகு தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஒரு பத்து நாள் பொறுங்க" என்று நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு உறுதி தேவையில்லை. அவள் இடுப்புச் செருகலிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை தொட்டிகளில் மூன்றாவது இலை விரிந்திருந்தது. கீழ்ப்பாத்தி மண்ணில் இருந்த மூன்றும் உள்ளங்கைபோல் தட்டையாக, பச்சையாக இருந்தன. எருவில் இருந்த மூன்றும் கிண்ணமாகக் குவிந்திருந்தன. கண் மங்கியவளுக்கும் தெரிகிற குவிவு. இருந்தாலும் விரலால் தடவிப் பார்த்தாள். ஆறாவது தொட்டி வரை தடவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

அங்கிருந்து நேராக, அந்த எருவுக்குக் குதிரை லத்தி ஏற்றிவந்த லாயத்துக்கு நடந்தாள். அரைமணி நேர நடை. வழியெல்லாம் ஒரு காட்சிதான் கண்ணில் ஓடியது. ஐந்து மாதத்துக்கு முன்னால், லாயத்துக் கொட்டடியின் வாசலில், லத்தியும் காய்ந்த புல்லுமாகக் குவித்து வைத்திருந்த லோடைப் பண்ணை வண்டியில் ஏற்றப் போனபோது லாயக்காரர் குறுக்கே வந்தார். "இந்த லோடு வேணாம்மா. இது குப்பை, குப்பைக்கே போவட்டும்" என்றார். கூட வந்திருந்த ஒன்பது வரிசை, "ஒண்ணு! ரெண்டு!" என்று கத்தினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க பண்ணையில குப்பைன்னு ஒண்ணு கெடையாது தம்பி. நீங்க குப்பைன்னு தள்றதை நாங்க சோறாக்கித் தர்றோம், வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். வண்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். லாயக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ஒரு குதிரையின் குளம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அதா? அந்தப் புல்லு வந்த வயல்ல களைக்கு மருந்து அடிச்சிருந்தாங்கம்மா. குதிரைக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அது வயித்துக்குள்ள போயி வெளிய வந்தாலும் மருந்து சாகாதாம். எருவாக்கக் கூடாதுன்னு புல் கட்டோட ஒரு சீட்டே வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன். குப்பைன்னு ஆரம்பிச்சேன், நீங்க அந்த வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு என்னைச் சிரிப்பாச் சிரிக்க வச்சிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

"எத்தனை நாளைக்கு இருக்கும் அது?"

"ரெண்டு வருஷங்கறாங்க. மூணுங்கறாங்க. எனக்கென்னம்மா தெரியும், நான் குதிரைக்காரன்."

அவள் திரும்பி நடந்தாள். அவசரம் எதனால் என்றால், ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பாத்திக்கு எரு போடுவதாக ஏற்பாடு. மிச்சம் இருக்கிற ஒரே நல்ல நிலம் அது. மேல்பாத்தியும் நடுப்பாத்தியும் போன பிறகு, கடையில் வாங்கிய நாற்றை வைத்துக் கீழ்ப்பாத்தியிலாவது பிடித்துவிடலாம் என்று பண்ணையே கைகோத்து வருகிறது. மண்ணுக்குத் தெம்பு வேண்டுமே என்று மிச்சமிருக்கிற குவியல் மொத்தத்தையும் அங்கே போர்த்தப் போகிறார்கள். போர்த்திவிட்டால் எடுக்க முடியாது. ஒன்பது வருஷம் முழங்கை ஆழம் சேர்த்த மண், அவள் கையால் சூடு பார்த்து வளர்த்த எருவால், மூன்று பாத்தியிலும் சாகும்.

சொல்லியே ஆக வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும், அதிலும் சந்தேகம் இல்லை. ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரிய வரக் கூடாது.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டு நடையில் உட்கார்ந்து கடித அலமாரியின் குறுக்குப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் ஆணிகள், அளவு பிரித்து.

"என்ன பண்றீங்க?"

"சும்மா காலியா நிக்குது. நடுப்பலகைய எடுத்துட்டா செருப்பு வைக்கலாம்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க..."

"ம்."

"அந்த எரு..."

"நாளைக்கு எத்தனை தள்ளுவண்டி வருதாம்?" என்று அவர் கேட்டார். "டிரைவர் போன் பண்ணினான். நீ தைரியமா இரு, உன் எருவுல கீழ்ப்பாத்தி எந்திரிச்சு நிக்கும். என்னோடது போச்சு. உன்னோடதாவது நிக்கட்டும்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியும்.  எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பண்ணையில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். போன மாதம் வரை ஐம்பது பேர் வருவார்கள். விதை எரித்த பிறகு ஆறு வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் முகத்திலும் ஈயாடவில்லை. கீழ்ப்பாத்தியில் போன வருஷத் தக்காளிக்குப்பின் எதுவும் வைக்கவில்லை. களை முழங்கால் உயரம் நின்றது. அதன்மேலேயே அட்டையும் எருவும் போர்த்தினால் களை உள்ளேயே மக்கிவிடும். அதுதான் அங்கே வழக்கம்.

டிரைவர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டியெல்லாம் வரிசையில வாங்க. பத்து மணிக்குள்ள பாதி முடியணும். குவியலக்கா, நீங்க முதல் மண்வெட்டியப் போட்டுக் குடுங்க."

அது மரியாதை. குவியலைத் திறக்கும் முதல் வெட்டு எப்போதும் அவளுடையது. அவள் மண்வெட்டியை வாங்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு வேணாம்."

"ஏன்? சூடு இருக்கா?"

"சூடெல்லாம் இல்ல."

"பின்ன? இன்னும் பத்து நாளா? நாத்து வாங்கி வச்சாச்சுக்கா, வாடுது."

"கொஞ்சம் பொறுங்களேன்..."

"ஆகட்டும்கா, பேசிக்கிட்டே போடுவோம்." அவர் நர்ஸம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். நர்ஸம்மா வெடுக்கென்று மண்வெட்டியைக் குவியலின் ஓரத்தில் இறக்கினாள். கருகருவென்று எரு சரிந்தது. அவ்வளவு நல்ல மண்வாசனை. யாரோ, "அப்பா, என்ன மணம்!" என்றார்கள். முதல் தள்ளுவண்டி நிரம்பியது. ஒன்பது வரிசை அதன் கைப்பிடியைத் தூக்கினார்.

குவியலக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது குப்பை" என்றாள். 

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒன்பது வரிசையின் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! அக்கா வாயிலேர்ந்தே வந்துடுச்சு! சிலேட்டை எடுங்கப்பா, அக்காவுக்கு ஒரு வரிசை!"

விதை எரித்த நாளிலிருந்து சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். அவள் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குப்பைன்னுதான் சொல்றேன். ரெண்டாச்சா? எழுதிக்கோங்க. இது எரு இல்ல, குப்பை. மூணு. இதைக் கீழ்ப்பாத்தியில போட்டா அதுவும் செத்துடும். மேல்பாத்தியக் கொன்னது விதை இல்ல. இந்தக் குப்பைதான்."

சிரிப்பு நின்றது. சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண் நான்காவது கோட்டைப் போட்டுவிட்டு, போட்டதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

குவியலக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், இரண்டு இரண்டாக, ஆறு தொட்டிகளையும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. என்னவென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாயத்தையும் மருந்தையும் லாயக்காரர் தடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குப்பை என்று சொன்னதற்குத் தான் என்ன பதில் சொன்னாள் என்பதையும் சொன்னாள். ஒன்பது வரிசை கைப்பிடியை மெதுவாக இறக்கினார்.

"நானும் அங்கதான் இருந்தேன். நான்தான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினேன்" என்றார் தரையைப் பார்த்து.

டிரைவர் அண்ணன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எத்தனை வருஷத்துக்கு?"

"ரெண்டு. இல்லாட்டி மூணு."

"மூணு வருஷம்." அவர் மேல்பாத்தியைப் பார்த்தார், நடுப்பாத்தியைப் பார்த்தார். "அக்கா, இதை எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதான் உறுதியாத் தெரிஞ்சுது."

அப்போதுதான் தபால்காரர் முன்னால் வந்தார். கூட்டத்தின் ஓரத்தில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர்போல் நின்றிருந்தவர். குனிந்து, கிண்ணமாகக் குவிந்த இலையை முதலில் பார்த்தார். தட்டையான இலையைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் குச்சியை உருவி, கண்ணாடியை ஏற்றி, தேதியை வாசித்தார். முப்பது வருஷம் முத்திரைத் தேதி வாசித்த கண்.

"ஒன்பது" என்றார்.

குச்சியை அவள் பக்கம் நீட்டினார்.

"நான் எரிச்சது பதினாலு."

"அன்னிக்கு முளைதான் வந்திருந்துச்சு" என்றாள் அவள். "ஒண்ணும் தெரியலங்க. சத்தியமா எதுவும் தெரியல."

"சந்தேகம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"தீப்பெட்டி கேட்டேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது; மறுபடியும் தொட்டியில் செருகப் போய், செருகாமல், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. அவர் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்குப்பின் நடந்த பேச்சு எதுவும் அவளுக்கு முழுதாகக் காதில் விழவில்லை. ஒரு பெண் அழுதாள். ஒருவர், "அந்த மனுஷனைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்தோமேய்யா" என்றார். இன்னொருவர் தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிட்டு, "அப்ப நாங்க இத்தனை நாள் முதுகு ஒடிஞ்சதெல்லாம்?" என்று கேட்டார், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குடும்பத்தோடு வெளியேறினார். நர்ஸம்மா தான் வெட்டிய எருவை ஒரு துளி விடாமல் திரும்ப அள்ளிக் குவியலில் போட்டுத் தார்ப்பாயால் மூடினாள். மூன்று வருஷத்துக்கு யாரும் தொடக் கூடாது என்று டிரைவர் அண்ணன் சொன்னார். அவள்மேல் கத்தவில்லை. கத்தாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கிளம்பும்போது மட்டும், "கீழ்ப்பாத்தி தப்பிச்சுது. அந்த மட்டுக்குமாவது சொன்னீங்களே" என்றார். அது நன்றியா, வசையா என்று அவர் குரலில் தெரியவில்லை.

பத்தரை மணிக்குப் பண்ணை காலியாகிவிட்டது. கொட்டகைக் கதவில் சிலேட்டு தொங்கியது. அவள் பெயருக்கு நேரே நான்கு கோடு. உண்மையில் மூன்று தரம்தான் எண்ணிச் சொன்னாள். கடைசியில் ஒன்று எண்ணாமல் வந்துவிட்டது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அவள் கீழ்ப்பாத்தியில் இறங்கினாள். மேலேயும் நடுவிலும் பிடுங்கக் களை இல்லை. இங்கே தாராளமாக இருந்தது. முதல் வரிசையின் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள். மண் விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு களையும் வேரோடு, மண்புழுவோடு வந்தது. அவ்வளவு நல்ல மண்ணை ஒரே காலையில் கொன்றிருப்போம் என்ற நினைப்பு ஒவ்வொரு பிடிக்கும் வந்தது. பிடுங்கினாள். வேகமாகப் பிடுங்கினாள். கண்ணில் நீர் நிறைந்து, பச்சை எல்லாம் ஒரே பச்சையாகக் கலங்கியது. இரண்டு கையாலும் வாரி வாரிப் பிடுங்கினாள்.

"நிறுத்து."

அவர் பாத்தி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"என்ன பிடுங்கறேன்னு பாக்கறியா?"

"களை."

"போன வருஷம் இந்தப் பாத்தியில என்ன இருந்துச்சு?"

அவள் கை அப்படியே நின்றது. போன வருஷம் கீழ்ப்பாத்தியில் பச்சைக் கதவு வீட்டுத் தக்காளி. அந்தப் பக்கம் நாலு வரிசை மாடி டீச்சர். பழுத்து, பறிக்க ஆளில்லாமல், எத்தனையோ பழம் உதிர்ந்து அங்கேயே மக்கியது.

"உதிர்ந்ததுல எதாவது தானா மொளைச்சிருந்தா..." என்று அவர் ஆரம்பித்து, முடிக்கவில்லை. "எனக்குத் தெரியாது. இருக்கும்னு சொல்லல. மொளைச்சாலும் போன மாசம் அபராதக்காரங்க எத்தனையப் பிடுங்கினாங்களோ."

"நீங்களும் இறங்கி..."

"இல்ல" என்றார். "உன் வரிசை. நீயே பாரு."

அவர் திரும்பிப் போனார். போகிறவர் நடையில் கோபம் இல்லை. அவ்வளவு மெதுவாக அவர் நடந்து அவள் பார்த்ததில்லை. கொட்டகை நிழலில், காலியான இரும்புப் பீப்பாயின் பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவள் தன் பக்கத்தில் பிடுங்கிப் போட்ட குவியலைத் திரும்பிப் பார்த்தாள். அரை வரிசைக் களை, வாடத் தொடங்கியிருந்தது. முதலில் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணுக்குப் பிடிபடவில்லை, இலையைக் கசக்கி முகர்ந்தாள். தக்காளி இலைக்கென்று ஒரு வாசனை உண்டு, மங்கின கண்ணுக்கு அது போதும். இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்தது.

வெயில் ஏறியது. பிடுங்கிப் போட்டது முடிந்தபின் நின்றிருந்ததற்கு வந்தாள். இனிமேல் பிடுங்குவதற்கு முன்பே இலை நுனியைக் கிள்ளி முகர்ந்தாள். முதல் வரிசை முடிந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று இருந்தன. முதுகை நிமிர்த்தாமல், முழங்காலாலேயே அடுத்த வரிசைக்குத் திரும்பினாள்.